பாட்டுக்கும் பாடு உண்டு

“நாடகத்த திருட முடியுமா மரைக்காரே?” என்று கேட்டான் அங்கமுத்து, கழியை ஏரிச் சேற்றில் ஊன்றியபடி. “ஆடு, கோழின்னா சரி. புடிச்சுக்கினு ஓடலாம். நாடகத்த எந்தப் பக்கம் புடிக்கறது?”

மீரான் மரைக்காயர் தோணியின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இரண்டு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். நெட்டையான உடம்பு, நீண்ட கழுத்து, தலையில் தலைப்பாகை, கணுக்கால் வரை வெள்ளை அங்கி. முகம் மட்டும் அங்கியை விட வெளுத்திருந்தது.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த அந்தக் காலத்தில் துப்பறிவாளர் என்றொரு தொழில் கிடையாது. கோட்டைத் துரைக்குத் தமிழ் தெரியாது. ஊராருக்கு ஒல்லாந்து பாஷை தெரியாது. இரண்டும் தெரிந்த மீரான் துபாஷியாக இருந்தார். துரையிடம் வருகிற புகாரை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் யார் பொய் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று தடவை இதைப் பார்த்த துரை, மொழிபெயர்ப்போடு விசாரணையையும் அவர் தலையில் கட்டிவிட்டார்.

விசாரணைக்குப் போக ஒரு தோணி வேண்டும். தோணியோடு வந்து சேர்ந்தவன் அங்கமுத்து. ஒரு காலத்தில் கூத்தில் கோமாளி வேஷம் கட்டியவன். முன்வரிசையில் இருந்த பெரிய மனிதரைக் கிண்டல் செய்ததால் வேஷம் போயிற்று. வாய் மிஞ்சியது.

கடல் பக்கமிருந்து ஓர் அலை வந்து தோணியை மெல்லத் தூக்கி இறக்கியது. மீரான் அவசரமாக இடுப்பைத் தடவி, உப்பில் ஊறிய நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.

அவருடைய பாட்டனார் மலாக்கா வரை கப்பல் ஓட்டியவர். பேரனுக்கோ முழங்கால் ஆழத் தண்ணீரிலும் தலை சுற்றும். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. வீட்டில் மனைவி மரியம் பீவிக்குக்கூடத் தெரியாது. நார்த்தங்காயைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். தெரிந்தவன் அங்கமுத்து மட்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று அவன் கழியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

“கரை வந்துடுச்சு. அத்த மறைங்க,” என்றான் அவன்.

மீரான் மறைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆக, சங்கதி இது,” என்று ஆரம்பித்தார். எதை விளக்குவதானாலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

சங்கதி இதுதான். வடகுப்பத்து நீலமேகம் ஒரு கூத்துக்குழு வைத்திருந்தான். தை மாதத்திலிருந்து அவன் ஆடிவரும் ‘சுறாராசன் கல்யாணம்’ ஏரிக்கரை முழுக்கப் பிரசித்தம். இப்போது தென்குப்பத்துச் சகாதேவன் தன் குழுவோடு அதே நாடகத்தை வரிக்கு வரி ஆடுகிறான். சகாதேவன் வேறு யாருமில்லை, நீலமேகத்தின் தங்கை புருஷன். கப்பல் வருகிற விருந்துக்கு அந்த நாடகம் கோட்டை மைதானத்தில் நடக்கவேண்டும் என்று துரை ஆசைப்பட்டார். ஆடுகிற குப்பத்துக்கு, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இந்தப் பருவம் முழுக்க வலை போடும் அனுமதி. இறால் கொழிக்கிற இடம். அதைக் கேட்டதும் இரண்டு குப்பத்திலும் துடுப்புகளைக் கையில் எடுத்துவிட்டார்கள், தண்ணீரில் போடுவதற்காக அல்ல.

“நாடகம் யாருடையதோ அவர்கள் ஆடட்டும்,” என்று துரை சொல்லியிருந்தார். “இன்றைக்குள் தெரியவில்லையென்றால் இரண்டு குப்பமும் ஆடவேண்டாம். முகத்துவாரத்துக்கும் வரவேண்டாம்.”

*

நீலமேகம் பெரிய உடம்புக்காரன். சுறாராசன் வேஷத்துக்காக வளர்த்த மீசை இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டிருந்தது.

“நாடகம் யார் கட்டினது?” என்று கேட்டார் மீரான்.

“நான்தான். கனவுல வந்துச்சு.”

“முழுசாவா?”

“முழுசா.”

“நல்ல தூக்கம்,” என்றான் அங்கமுத்து. “நாங்கல்லாம் தூங்கினா கொறட்டதான் வருது.”

மீரான் அவனைப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“கொஞ்சம் பாடு, கேப்போம்.”

நீலமேகம் தொண்டையைச் செருமினான். மத்தளக்காரன் தட்டினான். மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு வந்தது.

“பல்லு விளக்கவே பகலு போச்சு, எங்க
சுறாராசன் மாப்பிள்ளைக்கு.
இன்னும் ரெண்டு வரிசை பாக்கி கீது,
இருக்கச் சொல்லுங்க பொண்ணு வீட்டுக்கு.”

மீரானின் உதடு கொஞ்சம் அசைந்தது. கூத்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ராத் தொழுகை முடிந்ததும் படுத்துவிடுகிறவர். ஆனால் பாட்டில் சரக்கு இருப்பது அவருக்குப் புரிந்தது.

“கதைய சொல்லு.”

“சுறாராசனுக்கும் இறால் குமாரிக்கும் கல்யாணம். முகூர்த்த நேரத்துல பொண்ணோட முத்து மூக்குத்தி காணாம போயிடும். ஒரே ரகள. அப்புறம் மூக்குத்தி கெடைக்கும். கல்யாணம் முடியும்.”

“மூக்குத்திய யார் தேடறது?”

நீலமேகம் மீசையைத் தடவினான். மத்தளக்காரன் குனிந்து மத்தளத்துக்கு அடியில் எதையோ தேடினான். அவன் தோள்கள் குலுங்கின.

“அது வந்து, தானா கெடைக்கும் மரைக்காரே.”

“தானாவா?”

“தானா.”

“வெயில் ஏறுது,” என்றான் அங்கமுத்து. “தென்குப்பமும் போவணும்.”

*

சகாதேவன் ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. இறால் குமாரி வேஷம் கட்டுகிறவன்.

“எங்க நைனா கட்டின நாடகம் மரைக்காரே. சாவறப்ப என் காதுல சொல்லிட்டுப் போனாரு.”

“சாவறப்ப தண்ணி கேப்பாங்க,” என்றான் அங்கமுத்து. “உங்க நைனா தாளம் கேட்டாராக்கும்.”

சகாதேவன் அவனை முறைத்தான். முறைப்பில் கோபத்தை விட எச்சரிக்கை அதிகம் இருந்ததை மீரான் கவனித்தார். கவனித்து, அப்போதைக்கு ஓரமாக வைத்துக்கொண்டார்.

பாட்டு வந்தது. வடகுப்பத்தில் கேட்ட அதே பல், அதே இரண்டு வரிசை பாக்கி. ஓர் அட்சரம் மாறவில்லை.

“மூக்குத்திய யார் தேடறது?” என்றார் மீரான்.

சகாதேவன் தடுமாறினான். “நண்டு... இல்ல. தானா கெடைக்கும்.”

மீரான் எழுந்து மணலில் நடக்க ஆரம்பித்தார். யோசனை வந்தால் நடப்பார். முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, பாதத்தை மெதுவாக வைத்து நடப்பது அவர் வழக்கம். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை விழுங்குகிற சத்தம் கேட்டது.

“ஆக, சங்கதி இது,” என்றார் அங்கமுத்துவிடம். “மச்சான் ரெண்டு பேரும் ஒவ்வொரு வரிக்கும் அடிச்சுக்கறாங்க. கேக்காத வரியெல்லாம் பாடிக் காட்டறாங்க. இந்த ஒரு எடத்த மட்டும் ரெண்டு பேரும் மறைக்கறாங்க. சண்டக்காரங்க சேந்து மறைக்கற பொருள் இன்னாவா இருக்கும்?”

“ஒன்னியும் இருக்காது மரைக்காரே. கதையில ஓட்ட. ரெண்டு பேருக்கும் அடைக்கத் தெரியல.”

“வழக்கமா நீதான் என்னைத் தோண்டச் சொல்லுவ. இன்னிக்கு மண்ணு போட்டு மூடறியே.”

“பசி மரைக்காரே,” என்றான் அங்கமுத்து.

கரையோரம் ஒரு பெண் மடவை மீன்களைப் பிளந்து மணலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பச்சையம்மா. நீலமேகத்தின் தங்கை, சகாதேவனின் மனைவி. அண்ணன் வந்து கத்துவான், புருஷன் வந்து கத்துவான். இருவர் மேலும் அவளுக்கு ஒரே அளவு வெறுப்பு. இப்படிப்பட்ட சாட்சி கிடைப்பது அபூர்வம்.

மீரான் கேட்டார். “ஏம்மா, நாடகத்துல மூக்குத்திய யார் தேடறது?”

பச்சையம்மா நிமிர்ந்தாள். அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டு, மணலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அத்த நான் வாயால சொல்ல மாட்டேன் மரைக்காரே. ஆடிக் காட்டறேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“அக்கா, வேணாம்,” என்றான் அங்கமுத்து.

அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் சுற்றினாள். கழுத்தை நீட்டினாள். முழங்காலை உயர்த்தி, பாதத்தை மெதுவாக வைத்து, காயும் மீன்களுக்கு நடுவே நடந்தாள்.

“கொக்கு மந்திரி,” என்றாள். “மூக்குத்திய கண்டுபுடிக்க வந்தவரு.” குரலை இழுத்துக்கொண்டாள். “ஆக, சங்கதி இது. மூக்கு இருக்கிறது. மூக்குத்தி இல்லை. அப்படியானால் திருடன், மூக்கு இல்லாதவன்.”

சுற்றியிருந்த பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். மீரானுக்குக் காது சூடாயிற்று. அதற்காக அவர் இடிந்துபோய்விடவில்லை. அவர் நடையும் பேச்சும் ஏரிக்கரையில் யாருக்குத்தான் தெரியாது. கண்ணும் காதும் உள்ள எவனும் இதைக் கட்டியிருக்கலாம்.

பச்சையம்மா நிறுத்தவில்லை. தோணி ஏறுவது போல ஏறினாள். இரண்டு கைகளாலும் இல்லாத விளிம்புகளைப் பிடித்தாள். கண்ணை உருட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அவசரமாக நக்கினாள்.

“அது இன்னா?” என்றார் மீரான். அவர் குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

“நார்த்தங்கா. கொக்கு எதுக்கு அத்த நக்குதுன்னு எங்க ஊட்டுக்காரருக்கும் தெரியாது, எங்கண்ணனுக்கும் தெரியாது. பாட்டுல கீது, ஆடறோம்னாங்க. ஜனம் சிரிக்குது.”

நடையை யாரும் பார்க்கலாம். பேச்சை யாரும் கேட்கலாம். நார்த்தங்காயைப் பார்த்தவன் ஒருவன்தான்.

மீரான் மெல்லத் திரும்பினார். அங்கமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பறவைகூட இல்லை.

*

தோணி கரையை விட்டு நன்றாக விலகியது.

“சத்தியம் பண்ணே,” என்றார் மீரான்.

“பண்ணேன் மரைக்காரே.”

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு.”

“சொல்லல. பாடினேன்.”

இன்னொரு நாளாக இருந்தால் மீரான் சிரித்திருப்பார். இப்போது அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதத்திலிருந்து எந்தக் குப்பத்தில் இறங்கினாலும் ஜனங்கள் அவரைக் கண்டு முகம் மலர்ந்தார்கள். தன் நியாயத்தின் மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை என்று எண்ணியிருந்தார். போன மாதம் துரையிடம்கூட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தார். இப்போது அந்த முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

அங்கமுத்து கழியைத் தூக்கித் தோணிக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

“வம்புக்குக் கட்டல மரைக்காரே. நீங்க எதிர்ல உக்காந்துக்கினு கீறீங்க. நான் நாள் பூரா உங்களப் பாத்துக்கினு கழி போடறேன். கழிக்கு ஒரு வரி, கழிக்கு ஒரு வரி, தானா வந்துச்சு. எனுக்கு வேஷம் போச்சு, யாரும் கூத்துல சேத்துக்கல. நீலமேகம் கேட்டான். ‘குடு, ஆட்டத்துக்கு ஒரு பங்கு தரேன்’னான். மொத ஆட்டத்துக்கு ரெண்டு மடவ குடுத்தான். ரெண்டாவது ஆட்டத்துக்குப் போனா, ‘பாட்டு இப்ப என் வாயில கீது, உனுக்கு இன்னா பங்கு’ன்றான்.”

“அதனால சகாதேவன்கிட்ட போன.”

“போனேன். அதே பேச்சு பேசினான். அந்த ரெண்டு மடவகூட குடுக்கல.”

“என்கிட்ட ஏன் வரல?”

“இன்னான்னு வர்றது? உங்களக் கொக்காக்கி நாடகம் கட்டிட்டேன், அதுக்குப் பங்கு வாங்கிக் குடுங்கன்னா?” அங்கமுத்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். “அவங்க ஆடறப்ப கூட்டத்துல கடேசில நின்னு பாப்பேன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பக்கத்துல நிக்கறவன் என் முதுகுல தட்டி, ‘எவன் கட்டினானோ, மகராசன்’னுவான். நானும் ‘ஆமாம்பா’ன்னுவேன்.”

மீரான் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார்.

“கடைசில கொக்கு மூக்குத்திய கண்டுபுடிக்குதா?” என்றார் மீரான்.

அங்கமுத்து தயங்கினான். “இல்ல மரைக்காரே. அது கொக்கோட தலப்பாவுலயே மாட்டிக்கினு கீது. ஊரெல்லாம் தேடிட்டு வந்து தலப்பாவ அவுத்தா, கீழ உழுது.”

மீரான் யோசித்தார். காலையிலிருந்து இரண்டு குப்பம் ஏறி இறங்கியதை யோசித்தார். தேடிய ஆள் தன் தோணியிலேயே கழி போட்டுக்கொண்டு, கேட்டால் பசி என்று சொன்னதை யோசித்தார்.

“அது ஒன்னும் பொய் இல்ல,” என்றார்.

“தெரியலன்னு சொல்லிடுங்க மரைக்காரே,” என்றான் அங்கமுத்து. “எனுக்குப் பங்கு வேணாம். நான் கட்டினேன்னு நிரூபிக்கணும்னா நார்த்தங்காய வெளிய எடுக்கணும். உங்க மானம் போயிடும்.”

“தெரியலன்னா ரெண்டு குப்பத்துக்கும் முகத்துவாரம் போயிடும்.”

அங்கமுத்து கழியை எடுத்தான்.

*

ஏரியின் குப்பங்களுக்கெல்லாம் பெரியவர் துளசிங்கம். அவர் வீட்டு முற்றத்தில் இரண்டு குப்பத்து ஆட்களும் எதிரெதிராக நின்றார்கள். துடுப்புகள் இன்னும் கையில்தான் இருந்தன.

மீரான் நடுவில் போய் நின்றார். யாரோ கொக்குப் போலக் கத்தினார்கள். துளசிங்கம் அதட்டினார்.

“நீலமேகம், உன்னை ஒரு கேள்வி,” என்றார் மீரான். “கொக்கு மந்திரி ஏன் நார்த்தங்கா நக்கறாரு?”

நீலமேகம் எதிர்பார்க்கவில்லை. “கொக்குக்குப் புளிப்பு புடிக்கும் மரைக்காரே.”

“சகாதேவன், நீ சொல்லு.”

“மீன் முள்ளு தொண்டையில மாட்டிக்கிச்சு. அதுக்கு வைத்தியம்.”

“ஒருத்தன் கனவுல கண்டான். ஒருத்தனுக்கு நைனா சொன்னாரு. ரெண்டு பேருக்கும் காரணம் தெரியல,” என்றார் மீரான். அவர் கை இடுப்பருகே போய் நின்றது. மலாக்கா வரை கப்பல் ஓட்டிய பாட்டனார் ஒரு கணம் நினைவுக்கு வந்தார். வந்தவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, மீரான் நார்த்தங்காயை வெளியே எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

“கொக்கு நான்தான். அது உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது. தண்ணி ஆடினா எனக்குத் தலை சுத்தும். அதுக்குத்தான் இது. இத்த எடுக்கறத பாத்தவன் இந்த ஏரியில ஒரே ஒருத்தன். என் தோணிக்காரன் அங்கமுத்து. நாடகம் கட்டினவன் அவன்.”

எல்லாரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து மீரான் தோளை இறுக்கி வைத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. துளசிங்கம் மட்டும், “எங்க பெரிய மருமவனுக்கும் இப்படித்தான், கட்டுமரம் ஏறினா ஆவாது,” என்று மெதுவாகச் சொன்னார்.

நீலமேகம் முதலில் சுதாரித்தான். “சரி, அவனே கட்டினதா இருக்கட்டும். எனக்குக் குடுத்துட்டான். குடுத்தது குடுத்ததுதான்.”

“எனுக்கும்தான் குடுத்தான்,” என்றான் சகாதேவன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் விஷயம் உறைத்தது. இரண்டு மச்சான்களும் பல நாளுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அங்கமுத்துவைப் பார்த்தார்கள்.

“ஒரே பொருள ரெண்டு பேருக்கு வித்திருக்கான்,” என்றான் நீலமேகம். துடுப்புகள் உயர்ந்தன. அங்கமுத்து மீரானின் அங்கிக்குப் பின்னால் நகர்ந்தான்.

“துளசிங்கம், ஒரு சந்தேகம்,” என்றார் மீரான், அவசரமே இல்லாமல். “போன வாரம் வடக்குத் துறையில வலை போட்டது யாரு?”

“நீலமேகம்.”

“இந்த வாரம்?”

“சகாதேவன்.”

“ஒரே துறைய ரெண்டு பேருக்கு வித்தீங்களா?”

துளசிங்கம் சிரித்தார். “தண்ணிய யாரு விக்கறது மரைக்காரே. முறை வச்சு விடறோம். அவன் பாடு முடிஞ்சா இவன் பாடு. துறை அங்கயேதான் கீது.”

“வலைக்குப் பாடு இருக்கற மாதிரி பாட்டுக்கும் பாடு வைக்கலாம். அங்கமுத்து விக்கல. ஆடறதுக்கு முறை விட்டான். ரெண்டு பேருக்கு விடலாம், பத்து பேருக்கும் விடலாம்.”

“அப்படின்னா பங்கு எதுக்கு?” என்றான் நீலமேகம். “நாங்க ஆடறோம், நாங்க கத்தறோம், நாங்க வேர்வ சிந்தறோம். அவன் கூட்டத்துல நின்னு பாக்கறான்.”

மீரான் மறுபடியும் துளசிங்கத்திடம் திரும்பினார். “தோணிக்காரன் கரையில படுத்துக் கெடக்கான். அவன் தோணிய மத்தவங்க எடுத்துக்கினு போய் மீன் புடிக்கறாங்க. அவனுக்குப் பங்கு உண்டா?”

“தோணிப் பங்க எடுத்து வச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கே பிரிப்போம்.”

“மொத தடவைக்கு மட்டுமா?”

“அது எப்படி. ஒவ்வொரு தடவையும் தோணி போவுதில்ல.”

“நீலமேகம், தை மாசத்துலேர்ந்து நீ ஊர் ஊரா எந்தத் தோணியில போன?”

நாடகம்தான் அந்தத் தோணி என்று நீலமேகத்துக்குப் புரிந்தது. ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. “தோணி தேயும் மரைக்காரே. ஓட்ட விழும். அதுக்குத்தான் பங்கு. எத்தன தடவ பாடினாலும் பாட்டு தேயுதா?”

நல்ல கேள்வி. பதில் பெண்கள் பக்கமிருந்து வந்தது. பச்சையம்மா இடுப்பில் கூடையோடு நின்றிருந்தாள்.

“தேயாத தோணி ஒன்னு கெடச்சா, நீ பங்கக் கொறச்சா குடுப்ப, அண்ணா?”

முதலில் சிரித்தவன் சகாதேவன். அந்த ஒல்லிக் குரல் சிரிப்பைக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள். நீலமேகத்தின் மீசை கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தது.

துளசிங்கம் தீர்ப்புச் சொன்னார். நாடகம் அங்கமுத்துவுடையது. யார் ஆடினாலும் ஆட்ட வருமானத்தில் முதலில் நாடகப் பங்கை எடுத்துவைத்துவிட்டுத்தான் வேஷக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். இதுவரை ஆடியதற்கு இரண்டு குழுவும் மீனாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கோட்டையில் இரு குழுவும் சேர்ந்து ஆடும். முகத்துவாரம் இரண்டு குப்பத்துக்கும் முறை வைத்து. துரையிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவது மீரான் பொறுப்பு.

சுறாராசன் நீலமேகம். இறால் குமாரி சகாதேவன். மைத்துனனுக்கே தாலி கட்டவேண்டும் என்பது நீலமேகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. பச்சையம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்து சிரித்தாள்.

திரும்புகிற வழியில் அங்கமுத்து ஒன்றும் பேசவில்லை. அதுவே பெரிய செய்தி. கோட்டைத் துறை நெருங்கியதும் கேட்டான். “நாளைக்குக் காலையில வரட்டுமா மரைக்காரே?”

மீரானுக்குக் காயம் இன்னும் இருந்தது. ஆனால் கூட்டத்தின் கடைசியில் நின்று ‘ஆமாம்பா’ சொன்னவனின் முகமும் கூடவே இருந்தது.

“வா. ஆனா கழி போடறப்ப என்னைப் பாக்காத.”

“வேற யாரப் பாக்கறது? தோணியில நீங்க ஒருத்தர்தானே கீறீங்க.”

*

விருந்தன்று வெயில் தாழ்ந்ததும் கோட்டை மைதானத்தில் மத்தளம் தொடங்கியது. கப்பல்காரர்கள் பீப்பாய்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். துரைக்கு நாற்காலி. பக்கத்தில் மீரான், வரிக்கு வரி ஒல்லாந்து பாஷையில் சொல்லிக்கொண்டு.

கொக்கு மந்திரி வருகிற இடம் வந்தது. அந்த வேஷம் அங்கமுத்துவுக்கு. திரைக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டியவன், மீரான் இருக்கிற பக்கம் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். மத்தளக்காரன் மறுபடி ஒரு சுற்று தட்டினான். அங்கமுத்து அசையவில்லை.

மீரான் தாடையை லேசாக அசைத்தார். வா.

அவன் வந்தான். முழங்காலை உயர்த்தி, பாதத்தை வைத்து, வந்தான். ஜனம் சிரித்தது. ஒரு மூச்சு தள்ளி துரை சிரித்தார். மறுபடி ஜனம், மறுபடி ஒரு மூச்சு தள்ளி துரை. நடுவில் இருந்த அந்த ஒரு மூச்சில் மீரான் தன்னைப் பற்றிய கேலியைத் தன் வாயாலேயே வேற்று பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் ஒல்லாந்துச் சொல் சரியாக அமையவில்லை. துரை சிரிக்கவில்லை. மீரானுக்குப் பொறுக்கவில்லை, வேறு சொல் போட்டு மறுபடி சொன்னார். துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆட்டம் முடிந்ததும் துரை கண்ணைத் துடைத்தபடி கேட்டார், “யார் எழுதியது?”

“என்னுடைய ஆள்,” என்றார் மீரான். சொல்லும்போது கழுத்து தானாகவே கொஞ்சம் நீண்டது.

அங்கமுத்துவைக் கூப்பிட்டார்கள். சிறகு கட்டிய தோளோடு அவன் வந்து நின்றான். துரை அவனைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீரானிடம் ஏதோ சொன்னார்.

“அடுத்த நாடகத்துல துரையும் வரணும்னு ஆசைப்படறாரு,” என்றார் மீரான். “அவரை வச்சு ஒன்னு கட்டுவியான்னு கேக்கறாரு.”

அங்கமுத்து துரையின் தொப்பியைப் பார்த்தான், வயிற்றைப் பார்த்தான், காலுறையைப் பார்த்தான். எல்லாம் அவனுக்குத் திருப்தியாக இருந்தது போலிருந்தது.

“கட்டலாம், கட்டாம இன்னா,” என்றான். “மொதல்ல பங்கு பேசிக்கலாம்னு சொல்லுங்க.”

மீரான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.